இடது முன் சக்கரத்தில் உள்பக்கப் பேட் மட்டும் தீர்ந்துபோகிறது, காலிப்பரையே மாற்றணுமா?

திருநகர்வாசி | ஞாயிறு இரவு 9.20

வணக்கம். வண்டி 2017 டீசல் ஹாட்ச்பேக், 74,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். போன வாரம் கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது, வத்தலக்குண்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இடது முன் சக்கரத்தில் இருந்து சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் அதிகம், விட்டால் குறைவு. பெரியகுளத்தில் வேலை இருந்தது, அதை விட்டுவிட்டு மதுரைக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஒரு பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக் பிடித்தால் டிஸ்க்கை இருபக்கமும் அழுத்துகிற இரண்டு பேட்டில், வெளிப்பக்கப் பேட் கிட்டத்தட்ட 7 மி.மீ. இருக்கிறது. உள்பக்கப் பேட்டில் ஒரு முனையில் இரும்புத் தகடே தெரிகிறது, மறு முனையில் 2 மி.மீ. மீதி. டிஸ்க்கின் உள்முகத்தில் இசைத்தட்டு மாதிரி கோடு கோடாக வரி. வலது சக்கரத்தில் இரண்டு பேட்டும் 6 மி.மீ. இந்தப் பேட் போட்டு 11,000 கி.மீ. கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய செட் 50,000 தாண்டி ஓடியது.

பட்டறையில் டிஸ்க், பேட், அந்தப் பேட்டை அழுத்துகிற இடது காலிப்பர் அசெம்பிளி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் சொல்கிறார்கள். காலிப்பர் ஏன் என்று கேட்டால் ‘போயிருச்சு சார்’ என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. நான் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஓட்டுவதுதான் காரணம் என்று அப்பா சொல்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?


கூடல்நகர் கார் | ஞாயிறு இரவு 9.55

அப்பா சொல்வது சரியாகத்தான் இருக்கும். கொடைக்கானல் இறக்கத்தில் மூன்றாம் கியரில், நான்காம் கியரில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர். ஏறின கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.


மேலூர் ரோடு | ஞாயிறு இரவு 10.10

அண்ணே, ஓட்டுகிற விதம் தப்பு என்றால் நான்கு பேட்டும் சேர்ந்து தேயும். கால் பெடலில்தானே இருக்கிறது? ‘நீ இடது சக்கரத்தின் உள்பேட்டை மட்டும் தேய்’ என்று கால் எப்படிச் சொல்லும்? அவங்க அப்பாவிடம் இதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பொறுப்பில்லை.


பழைய ஸ்பானர் | திங்கள் காலை 6.05

தம்பி, மேலூர்க்காரர் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். நாலு பேட்டில் ஒன்று மட்டும் தேய்ந்தால் அது ஓட்டுநர் குற்றமில்லை, அந்த ஒரு சக்கரத்தின் குற்றம். காலிப்பரை மாற்றுவது அப்புறம். அது செத்துப்போனதா, இல்லை யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பெடலை மிதித்தால் அது உள்பேட்டைத் தள்ளி டிஸ்க்கில் முட்டும். முட்டியபின் மேலே போக இடமில்லை. அப்போது காலிப்பர் மொத்தமும் எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளிப்பேட்டை இழுத்து வந்து டிஸ்க்கின் அடுத்த முகத்தில் அணைக்கும். அந்த நகர்வு நடப்பது ‘பின்’ என்கிற இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல். பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. வெளிப்பேட் சும்மா வேடிக்கை பார்க்கும், உள்பேட் தனியாளாக வண்டியை நிறுத்தும். உங்கள் 7 மி.மீ. வெளிப்பேட் சொல்வது அதைத்தான்.

இன்னொன்று, பேட் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்கிறீர்கள். ஒரு முனை தீர்ந்து மறு முனை மீதி இருந்தால், இரண்டு பின்னில் ஒன்று ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். இல்லையென்றால் பேட்டின் முனையில் நீட்டியிருக்கும் காது, அது உட்காரும் பிராக்கெட்டில் துருவோடு மாட்டிக்கொண்டிருக்கும்.

பட்டறையில் பின்னைக் கழற்றிக் காட்டினார்களா?


திருநகர்வாசி | திங்கள் காலை 8.40

இல்லை ஐயா. சக்கரத்தைக் கழற்றி, கீழ் போல்ட்டை எடுத்து, காலிப்பரைத் தூக்கிப் பேட்டை மட்டும் உருவிக் காட்டினார்கள். பின்னைத் தொடவே இல்லை.

ஒரு சந்தேகம். பிஸ்டன் திரும்பிப் போகாமல் மாட்டிக்கொண்டாலும் உள்பேட்தானே தேயும்? அப்படியானால் பட்டறைக்காரர் சொன்னதும் சரியாக இருக்கலாம் இல்லையா?


பழைய ஸ்பானர் | திங்கள் இரவு 8.15

நல்ல கேள்வி. பிஸ்டன் திரும்புவதற்கு உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, மயிரிழை அளவு பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. மேலே உள்ள தூசி உறை கிழிந்து தண்ணீர் இறங்கி, பிஸ்டன் துருப்பிடித்தால் இந்த இழுப்பு போதாது. உள்பேட் உரசிக்கொண்டே ஓடும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பழைய பேட்டைப் பிஸ்டன் மேல் வைத்து ஜி கிளாம்ப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். ஒரே சீராக உள்ளே போனால் பிஸ்டன் நல்லது. அழுத்தி அழுத்தித் திருக வேண்டியிருந்தாலோ, திக்கித் திக்கிப் போனாலோ பட்டறைக்காரர் சொன்னது உண்மை. திருகும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள், நிரம்பி வழிந்து பெயின்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

ஓட்டிப் பார்த்தும் சொல்லலாம். பிரேக்கே பிடிக்காமல் பத்து கி.மீ. ஓட்டி நிறுத்திவிட்டு இரண்டு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், பக்கத்தில் மட்டும். ஒன்று அனல் அடித்தால் அங்கே உரசல் இருக்கிறது. உங்களுக்கு இப்போது இரும்போடு இரும்பு உரசுகிறது, அதனால் இந்தச் சோதனை வேண்டாம். வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.


மேலூர் ரோடு | திங்கள் இரவு 9.00

எனக்கு ஒருமுறை தலைகீழாக நடந்தது. வெளிப்பேட் காலி, உள்பேட் புதுசு மாதிரி. அது எதனால்?

(எங்கள் பக்கம் கல் குவாரித் தூசி. வண்டியைத் துடைத்த துணியை உதறினால் அதில் ஒரு வீடு கட்டலாம்.)


பழைய ஸ்பானர் | திங்கள் இரவு 9.30

அதுவும் பின்தான். மிதிக்கும்போது பலத்தில் நகர்ந்துவிட்டது, விட்டபின் திரும்பி வரவில்லை. வெளிப்பேட் டிஸ்க்கை அணைத்தபடியே ஓடியிருக்கும். பிஸ்டனில் கோளாறு என்றால் வெளிப்பேட் மட்டும் தேயாது.

இரண்டு பேட்டும் சமமாகத் தேய்ந்து, ஆனால் ஒரு சக்கரம் மட்டும் சீக்கிரம் தேய்ந்தால் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே தோல் உரிந்து ஒருவழிப் பாதை ஆகியிருக்கும். ஆயில் போகும், திரும்பாது. சக்கரம் இறுகியிருக்கும்போது ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். துளி ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.


வாடிப்பட்டி டீச்சர் | செவ்வாய் மாலை 5.50

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் காரில் பேட் நான்கும் நன்றாக இருக்கின்றன. ஆனால் நான்குவழிச் சாலையில் 80க்கு மேல் போய் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கைக்குள் நடுங்குகிறது. ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்றார்கள். இது தொடங்கியது டயர் மாற்றிய ஒரு மாதத்துக்குப் பிறகுதான். தொடர்பு உண்டா?


கப்பலூர் லேத் | செவ்வாய் இரவு 10.20

டீச்சர், என் வேலையே டிஸ்க் கடைவதுதான். வளைந்துவிட்டது என்று என்னிடம் வருகிற டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்திருப்பதில்லை. சுற்றளவில் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்திருக்கும். வித்தியாசம் 0.02 மி.மீ. இருந்தாலே காலில் பெடல் துடிக்கத் தொடங்கிவிடும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை அது.

அந்த வித்தியாசம் வருவது இப்படி. டயர் கடையில் நட்டை ஒரே பக்கமாக வரிசையாக இம்பாக்ட் கன்னால் இறுக்கிவிடுகிறார்கள். அல்லது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டுகிற ஹப்பின் முகத்தில் துரு இருக்கும்போதே டிஸ்க்கை உட்கார வைக்கிறார்கள். டிஸ்க் மிகக் கொஞ்சமாகக் கோணி உட்காரும். பல வண்டிகளுக்கு 0.1 மி.மீ.க்குள் ஆட்டம் இருக்கலாம், அதைத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டைத் தட்டிக்கொண்டே போகும். தட்டுகிற இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கி.மீ.யில் நடுக்கம் தெரியும். அதனால்தான் டயர் மாற்றியதும் வராமல் கொஞ்ச நாள் கழித்து வருகிறது. உங்கள் கணக்கு சரிதான்.

நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திரம் போடுகிற மாதிரி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், சரியான எண் உங்கள் வண்டிப் புத்தகத்தில். ஏற்கெனவே மெலிந்த டிஸ்க் இதனால் சரியாகிவிடாது. கடைய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க் போட்டால் மறுபடியும் அதே கதை.

திருநகர்த் தம்பிக்கு: டிஸ்க்கைக் கடையலாமா என்று வெர்னியரால் அளந்து முடிவு செய்யாதீர்கள். ஓரத்தில் பேட் படாத இடத்தில் ஒரு வரப்பு எழும்பியிருக்கும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல்தான் உட்காரும், மெலிந்த டிஸ்க்கும் கொழுத்ததாகக் காட்டும். மைக்ரோமீட்டர் வேண்டும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், துடைத்துப் பாருங்கள். கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேலே நிற்க வேண்டும்.


கூடல்நகர் கார் | செவ்வாய் இரவு 11.00

சரி, ஓட்டுகிற விதத்தைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பாதிதான். மலை இறக்கத்தில் பிரேக் ஆயில் கொதிக்கும் விஷயம் இருக்கிறது. டாட் 4 என்கிற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து அது 155 வரைக்கும் இறங்கலாம். உள்ளே ஆவி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். 2017 வண்டிக்கு எத்தனை தடவை ஆயில் மாற்றினார் என்று அவரையே கேளுங்கள்.


திருநகர்வாசி | புதன் காலை 7.30

கேட்டீர்கள், தலைகுனிகிறேன். ஒருமுறைகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் சித்தப்பா வீட்டில் வைத்து நாங்களே கழற்றப்போகிறோம். சித்தப்பா முப்பது வருஷம் மில்லில் பிட்டராக இருந்தவர். வண்டியை இழுவை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன், திட்ட வேண்டாம்.


பழைய ஸ்பானர் | புதன் காலை 7.45

திட்டவில்லை. மூன்று விஷயம் சொல்கிறேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீர்கள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்க விடுங்கள். எல்லாம் மாட்டியபின் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலைப் பத்துத் தடவையாவது மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளியிருக்கும், முதல் மிதி தரை வரைக்கும் போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதை மறந்து, சொந்த வீட்டுக் கேட்டோடு வெளியே வந்தார்.

தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.


திருநகர்வாசி | ஞாயிறு இரவு 8.50

முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

முதலில் பிஸ்டன். கிளாம்ப் போட்டுத் திருகினோம், வெண்ணெயில் விரல் போகிற மாதிரி போனது. தூசி உறையில் ஒரு கீறல்கூட இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்து, “காலிப்பர் எம்புட்டு சொன்னாங்க?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பிறகு பின். மேல் பின் இரண்டு விரலில் வந்தது. கீழ்ப் பின் வரவே இல்லை. ஸ்பானரைப் போட்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டினால் பிராக்கெட்டே சேர்ந்து ஆடியது. அரை மணி நேரம் முறுக்கி முறுக்கி இழுத்த பிறகு, பாட்டிலில் இருந்து கார்க் வருகிற சத்தத்தோடு வெளியே வந்தது. பின்னின் நுனியில் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. அது ஊதிப்போய், மழையில் ஊறிய பட்டாணி மாதிரி, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. சுற்றிலும் மஞ்சள் கிரீஸ். சித்தப்பா முகர்ந்து பார்த்து, “இது பேரிங்குக்குப் போடுற கிரீஸ்டா” என்றார்.

11,000 கி.மீ.க்கு முன் பேட் மாற்றிய இடத்தில், நல்லது செய்வதாக நினைத்து யாரோ பூசியிருக்கிறார்கள். அது இப்போது காலிப்பர் மாற்றச் சொன்ன பட்டறை இல்லை, வேறு ஒன்று. இரண்டு பேரையும் இங்கே இழுக்கப் போவதில்லை.


பழைய ஸ்பானர் | ஞாயிறு இரவு 9.10

பெட்ரோலியக் கிரீஸ் அந்த ரப்பருக்கு ஆகாது. குடித்துவிட்டு வீங்கும். துளைக்குள் வீங்கினால் பின் எப்படி ஓடும்? சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும், பிரேக்குக்கு என்று சின்னப் பொட்டலத்தில் வரும். அதையும் அள்ளி அப்பக்கூடாது. துளை நிறைய அடைத்தால் காற்று வெளியேற இடமில்லாமல் பின் திரும்பத் தள்ளும்.

புதுசாக என்ன போட்டீர்கள்?


திருநகர்வாசி | ஞாயிறு இரவு 9.35

பின் கிட் ஒன்று வாங்கினோம், இரண்டு பின், உறை, பூட் எல்லாம் சேர்த்து 420 ரூபாய். சிம்மக்கல் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கி நேற்றே வாங்கி வைத்திருந்தேன். துளையைப் பிரேக் கிளீனர் அடித்துத் துணி சுற்றிய குச்சியால் துடைத்தோம். ரப்பர் உறை உள்ள பின் கீழே, இல்லாதது மேலே. மாற்றிப் போட்டுவிடாமல் இருக்கச் சித்தப்பா கழற்றும்போதே படம் எடுக்கச் சொன்னார், நல்லதாகப் போயிற்று. பிராக்கெட்டில் பேட் உட்காரும் இடத்தில் கிளிப்புக்கு அடியில் துரு எழும்பியிருந்தது. அரத்தால் தேய்த்துவிட்டுப் புதுக் கிளிப் போட்டோம். இப்போது பேட்டை வைத்தால் விரலால் தள்ள நகர்கிறது.

டிஸ்க்: புதிதில் 20 மி.மீ., குறைந்தபட்சம் 18 என்று பொறித்திருக்கிறது. கப்பலூரில் அண்ணன் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். வரியின் அடியில் 18.3. வெர்னியர் 19.6 என்றது! வரி போகக் கடைந்து, எதிர்முகத்தையும் ஒரு சீவல் எடுத்தால் 18க்குக் கீழே போய்விடும் என்றார். கடையாமல் திருப்பி அனுப்பினார், காசும் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் புது டிஸ்க், புதுப் பேட். பிரேக் ஆயிலும் மாற்றினோம். வெளியே வந்த ஆயில் கடுங்காப்பி நிறம்.

மொத்தம் 6,900 ரூபாய். அதில் இழுவை வண்டி மட்டும் 1,200.


கப்பலூர் லேத் | ஞாயிறு இரவு 10.05

புதுப் பேட்டுக்கு முதல் 200, 300 கி.மீ. வரைக்கும் பட்டென்று மிதிக்காதீர்கள். 60இல் இருந்து 20 வரைக்கும் மிதமாகக் குறைத்து, ஆற விட்டு, மறுபடி. நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் காலை ஐந்து மணிக்குப் போங்கள், ஆள் இருக்காது.


வாடிப்பட்டி டீச்சர் | வியாழன் மாலை 6.15

என் வண்டியின் ஹப்பில் துரு இருந்தது. சுரண்டி, டிஸ்க்கைக் கடைந்து, நட்டை எதிரெதிராக இறுக்கிக் கொடுத்தார்கள். 95இல் பிரேக் பிடித்துப் பார்த்தேன், ஸ்டீயரிங் அசையவில்லை. 95 என்று எழுதியதை என் மாணவர்கள் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும்.


திருநகர்வாசி | மூன்று வாரம் கழித்து, சனி இரவு 9.00

900 கி.மீ. ஆகிவிட்டது. இன்று அழகர்கோவில் போய்விட்டு வந்ததும், மேலூர் அண்ணனிடம் இரவல் வாங்கிய வெப்பமானியால் இரண்டு டிஸ்க்கையும் பார்த்தேன். இடது 71 டிகிரி, வலது 88. சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தவரை இடது பேட் இரண்டும் சமமாக இருக்கின்றன.

வலது ஏன் கூடுதல்?


பழைய ஸ்பானர் | சனி இரவு 9.20

வலது பக்கம் டிஸ்க்கும் பேட்டும் புதுசு. பின் இரண்டும்?


திருநகர்வாசி | சனி இரவு 9.24

...கழற்றவில்லை. பேட் இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்ததால் அப்படியே மாட்டிவிட்டோம்.


பழைய ஸ்பானர் | சனி இரவு 9.31

அதே கைதானே தம்பி அந்தப் பக்கமும் கிரீஸ் பூசியிருக்கும். 17 டிகிரி பெரிய வித்தியாசம் இல்லை, வெயில் பட்ட பக்கமாகவும் இருக்கலாம். இருந்தாலும் பார்த்துவிடுவோம். நாளை காலை எனக்குத் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம், பந்தி முடிந்ததும் அங்கிட்டு வருகிறேன். இன்னொரு பின் கிட் வாங்கி வையுங்கள். சித்தப்பாவையும் வரச் சொல்லுங்கள்.


மேலூர் ரோடு | சனி இரவு 9.40

என் வெப்பமானியையும் அப்படியே கொடுத்து அனுப்பிவிடுங்கள்.